ஜெராக்ஸ் கடையில் ஆதாரை விட்டுவிட்டு வராமல் இருக்க

சென்ற மாதம் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். யாருடைய கோப்பையோ தேடிய கடைக்காரர் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியைத் திறந்தார். முந்தைய வாரம் என் பெயரிட்டு நான் அனுப்பிய ஆதார் அங்கே கிடந்தது. கூடவே ஊராருடைய ரேஷன் அட்டைகள், வங்கிப் புத்தகங்கள். அவர் மீது குற்றமில்லை, அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு நான் செய்வது இது.

முதல் வேலை வீட்டிலேயே. மை ஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்து, பதிவிறக்கும் பக்கத்துக்குப் போங்கள். எண்ணை மறைத்த ஆதார் வேண்டுமா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். அதில் டிக் செய்யுங்கள். 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டுமே தெரியும் பிடிஎஃப் இறங்கும். விடுதியில் அறை எடுக்க இதுவே போதும். அரசு மானியம் போன்றவற்றுக்கு முழு எண் வேண்டியிருக்கும்.

பேனாவால் எண்ணை அடிப்பது வீண் வேலை. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது, நான் சறுக்கிய இடம். கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, அச்சானதும் 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தேன். அது உரையாடலிலிருந்துதான் மறைகிறது. கடைக் கணினியில் இறங்கிவிட்ட பிரதி அப்படியே இருக்கும். அந்த பிடிஎஃப்பைத் திறக்கக் கடவுச்சொல் இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல். இரண்டும் அச்சான தாளிலேயே இருக்கின்றன. பூட்டோடு சாவியையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

ஆகவே பென்டிரைவ்தான் என் கட்சி. அதிலிருந்தே நேராகத் திறந்து, கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்து அச்சிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் வைரஸ் சோதனை செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால், டவுன்லோட்ஸில் உங்கள் கோப்பைத் தேர்ந்து ஷிஃப்ட், டெலிட் இரண்டையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். வெறும் டெலிட் என்றால் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். "அண்ணா, ஒரு நிமிடம், அதை அழித்துவிடுங்கள்" என்றால் இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை.

நகலைக் கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: கடவுச்சொல் ஏற்கவில்லை என்று பின்னூட்டத்தில் மூவர் எழுதியிருந்தார்கள். மூவருக்கும் பெயருக்கு முன் இனிஷியல். ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ளபடி, அனைத்தும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இனிஷியலும் அதன் புள்ளியும் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. 1989இல் பிறந்த பி.குமார் என்றால் பி, புள்ளி, கே, யு, பிறகு 1989.

இன்னொருவர் கேட்டது: மை மங்கி வீணான தாள்? அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தெரு டீக்கடையில் வடை மடித்துத் தருவது பெரும்பாலும் அந்த வகைத் தாளில்தான்.