அடித்த நோட்டு எங்கே நிற்கிறது? பேஸ் கிட்டாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பலர் பேஸ் கற்க வேண்டும் என்று தொடங்கியவர்கள் இல்லை. கொயரில் ஏற்கெனவே இரண்டு கிட்டார் இருக்கும். “லேய் மக்கா, நீ பேஸ எடு, நாலு கம்பிதானே” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதன்பிறகு வருகிற தவறுகளில் பாதி அந்த ‘நாலு கம்பிதானே’யில் தொடங்குகிறது. பேஸை, இரண்டு கம்பி குறைந்த கிட்டாராக நினைத்து வாசிப்பதுதான் அது.

எந்த நோட்டை அடிப்பது என்பது ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். அடித்த நோட்டு எங்கே நிற்க வேண்டும் என்பது பலருக்கு வருடக்கணக்கில் பிடிபடுவதில்லை. அதையே முதலில் பார்ப்போம்.

நிற்காத நோட்டு

சாதா கிட்டாரில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகளை) தட்டிவிட்டு அப்படியே விடலாம். மெல்லத் தேய்ந்து போகும். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். உயரமான கூரை, டைல்ஸ் தரை, சுண்ணாம்புச் சுவர் உள்ள ஆலயத்துக்குள் அது சீக்கிரம் அடங்காது. முதல் நோட்டின் வால் முடிவதற்குள் இரண்டாவது நோட்டு அதன்மேல் ஏறும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு நோட்டு கேட்காது, ஒரு முழக்கம்தான் கேட்கும். ‘பேஸ் குழப்புது’ என்று மிக்சரில் இருப்பவர் குறைப்பார். ‘எனக்குக் கேக்கல’ என்று வாசிப்பவர் ஆம்பில் ஏற்றுவார். இதை வால்யூமால் தீர்க்க முடியாது, விரலால்தான் தீர்க்க வேண்டும்.

நிறுத்துவதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது கையில், அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் திறந்த கம்பி தானே ஒலிக்கும். வலது கையில், கட்டைவிரல் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கக் கூடாது. ஈ கம்பி வாசிக்கும்போது அது பிக்கப் (கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) மேல் இருக்கட்டும். ஏ கம்பிக்குப் போனால் ஈ கம்பிமேல் வந்து அமர வேண்டும். டி, ஜி கம்பிகளுக்குப் போகும்போது கட்டைவிரல் சற்றுச் சாய்ந்து ஈ, ஏ இரண்டையும் மூட வேண்டும். ஜி கம்பியைச் சுண்டிய விரல் டி கம்பிமேல் வந்து ஓய்ந்தால் அதுவும் அடங்கிவிடும். ஒரு கம்பி ஒலிக்கும்போது மற்ற மூன்றும் ஊமையாக இருக்க வேண்டும்.

இதற்கான பயிற்சி பார்க்க எளிது, செய்யக் கடினம். மெட்ரோனோமை (தாளத் தட்டு போடும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு). ஒன்றில் அடித்து, மூன்றாவது தட்டு விழுகிற அதே நொடியில் நிறுத்துங்கள். பத்துச் சுற்று சரியாக வந்தபின் இரண்டாவது தட்டில் நிறுத்துங்கள். பிறகு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். ரெக்கார்டு செய்து ஹெட்போனில் கேட்டால் எத்தனை தடவை தாமதமாக நிறுத்தினீர்கள் என்று தெரியும். பெரும்பாலும் தொடக்கம் துல்லியமாகவும் முடிவு தொளதொளவென்றும் இருக்கும்.

டிரம்மரோடு சேரும்போது கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் இடத்தில் நோட்டு தொடங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) விழும் இடத்தில் நோட்டு நிற்கலாம் என்று சொல்பவர்கள் குறைவு. 80 வேகப் பாட்டில் ஒரு தட்டு என்பது முக்கால் நொடி. அந்த முக்கால் நொடி முடிந்து ஸ்னேர் விழும்போது பேஸ் விலகிக்கொடுத்தால் ஸ்னேர் பளிச்சென்று தெறிக்கும். அதே பாட்டின் சரணத்தில் நோட்டை இழுத்துவிட்டால் பாட்டு தானே விரியும். ஒரு நோட்டுகூடக் கூட்டாமல் கிடைக்கிற மாற்றம் இது.

ஆறெட்டுத் தாளத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம்மூர்க் கீர்த்தனைகளிலும் கொடை விழாக் கச்சேரியின் குத்துப் பாட்டுகளிலும் அது நிறைய வரும். ஆறு எண்ணிக்கையிலும் அடிக்க வேண்டியதில்லை. ஒன்றிலும் நான்கிலும் ஊன்றி, ஆறில் சின்னதாக ஒரு தள்ளு கொடுத்தால் போதும்; நடுவிலுள்ள இடத்தைத் தபேலாவோ ரிதம் பேடோ எடுத்துக்கொள்ளும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டு எடுப்பது

போனின் சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸும் வராது, ஏ கம்பியின் 55 ஹெர்ட்ஸும் வராது. அதில் கேட்பது மேல் ஸ்தாயிச் சாயல்கள் மட்டுமே. அதனால்தான் ஸ்தாயி மாறிப்போவது, கடக்கும் நோட்டுகள் விட்டுப்போவது எல்லாம் நடக்கிறது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போலவே நடக்கும். அதைப் போன் ஸ்பீக்கரில் கேட்டு எடுக்க முயன்றால் பாதிகூடத் தேறாது. ஹெட்போன் போடுங்கள். முதலில் வாயால் பாடுங்கள். பாட முடிந்த பிறகே கம்பியில் தேடுங்கள். இணையத்தில் கிடைக்கும் டேப் எண்களை (எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட் என்ற குறிப்பு) பார்த்து வாசித்தால் விரல் நகரும், காது வளராது. நான்கு பாட்டு டேப் பார்த்து எடுப்பதைவிட ஒரு பாட்டைக் காதால் எடுப்பது மேல்.

ட்யூனிங்கும் அப்படியே. போன் மைக் ஈ கம்பியைச் சரியாகப் பிடிக்காமல் முள் அலையும். 12-வது ஃபிரெட்டுக்கு நேர்மேலே விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் (மணிபோன்ற மேல் ஸ்தாயி ஒலி) எழுப்பினால் முள் நின்றுவிடும். சுதி கூடிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்த வேண்டாம். நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்றிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது பாட்டிலேயே கம்பி தளர்ந்துவிடும்.

நாலு விரல், நாலு ஃபிரெட்

கிட்டாரில் பழகிய ‘விரலுக்கு ஒரு ஃபிரெட்’ முறையை இங்கே அப்படியே கொண்டுவருவது மணிக்கட்டு வலிக்கு நேர்வழி. 34 அங்குல பேஸில் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது வரை கிட்டத்தட்ட 13 செ.மீ. சாதா கிட்டாரில் அதே தூரம் 10 செ.மீ-க்கும் குறைவு. ஐந்தாவது ஃபிரெட்டுக்குக் கீழே ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மட்டும் வைத்து மூன்று ஃபிரெட்டை மூடுங்கள். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கட்டும். நான்காவது ஃபிரெட் வேண்டுமென்றால் கையை நகர்த்துங்கள், நீட்டாதீர்கள். மேலே போகப் போக இடைவெளி சுருங்கும். அங்கே நாலு விரலும் தாராளமாகப் போதும். ஸ்ட்ராப்பின் நீளம், உட்கார்ந்து வாசிக்கும் உயரமும் நின்று வாசிக்கும் உயரமும் ஒன்றாக வரும்படி இருக்கட்டும்.

வலது கையில் ஒரே விரலால் சுண்டுவது தவறென்று சிலர் மிரட்டுவார்கள். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே உலகம் கேட்ட பேஸைத் தந்தார். தவறு விரல் எண்ணிக்கையில் இல்லை. ஒரு நோட்டு கனமாகவும் அடுத்தது மெலிவாகவும் விழுவதில்தான் இருக்கிறது.

கீபோர்டுக்காரரோடு நடக்கும் மோதல்

நம்மூர்க் குழுக்களில் அதிகம் நடப்பதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். கீபோர்டு வாசிப்பவர் பெரும்பாலும் தனியாக வாசித்துப் பழகியவர். அவருடைய இடது கை தானாகவே கீழ் ஸ்தாயியில் பேஸ் போடும். ஸ்டைல் (கீபோர்டு தானே வாசிக்கும் பக்கவாத்தியம்) ஓடினால் அதற்குள்ளும் ஒரு பேஸ் இருக்கும். அதன்மேல் நீங்களும் வாசித்தால் ஒரே இடத்தில் மூன்று பேஸ். சத்தம் கூடாது, சேறாகும். பிராக்டிஸின் முதல் நாளே இரண்டு காரியம் கேட்டு வாங்குங்கள்: ஸ்டைலில் பேஸ் பகுதியை மட்டும் ஆஃப் செய்வது, இடது கையை நடு சி பக்கம் ஏற்றிக்கொள்வது. கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. “அண்ணே, கீழே நான் பாத்துக்கிடுதேன், நீங்க நடுவுல நிரப்புங்க” என்றால் போதும்.

அடுத்தது, சுதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன். கீபோர்டுக்காரர் ‘சி’ என்பார்; அவர் விரல் சி-யில்தான் இருக்கும். திரையில் +2 இருக்கும். வெளியே வருவது டி. அவர் சொன்ன சி-யை நீங்கள் அடித்தால் முதல் வரியிலேயே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘என்ன கார்டு’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை கட்டை’ என்று கேளுங்கள். ஒரு கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையிலுள்ள அரைக் கட்டைகள் கறுப்புக் கட்டைகள். 3-க்கும் 4-க்கும் நடுவில் கறுப்பு இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. பாடகரின் தொண்டையைப் பொறுத்துக் கட்டை மேடையிலேயே மாறும். திறந்த கம்பிகளை நம்பி மனப்பாடம் செய்தவர் அங்கே தடுமாறுவார். ஒவ்வொரு பாட்டையும் திறந்த கம்பியே இல்லாமல் ஒருமுறை பழகி வைத்தால், கட்டை மாறும்போது கை அப்படியே இரண்டு ஃபிரெட் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

கொயரின் கீழ்வரி

நான்கு குரலில் பாடும் கொயரில், பேஸ் வாசிப்பவர் கார்டின் மூல நோட்டை மட்டும் அடித்துக்கொண்டிருப்பது பெரிய இழப்பு. ஸ்டாஃப் நொட்டேஷனாக இருந்தாலும் டானிக் சோல்ஃபாவாக (டோ, ரே, மீ எழுத்துகளால் எழுதும் முறை) இருந்தாலும் கடைசி வரியில் பேஸ் குரல் எழுதப்பட்டே இருக்கிறது. உதாரணத்துக்கு ஜி கட்டையில் ஜி, டி, ஈ மைனர் என்று கார்டுகள் வருகின்றன. ஆண் குரல்கள் ஜி, எஃப் ஷார்ப், ஈ என்று படி இறங்கிப் பாடுகின்றன. நடுவில் நீங்கள் டி-யை அடித்தால் அபஸ்வரம் ஆகாது. ஆனால் அந்த இறக்கம் உடைந்துபோகும். பேஸ் குரல் வரியையே வாசியுங்கள். பேஸ் கிட்டார் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால், அவர்கள் பாடுவதற்கு அடியில் தரை போட்டதுபோல் நிற்கும். கார்டு தாளில் சி-க்குப் பக்கத்தில் சாய்வுக்கோடு போட்டு ஈ என்று எழுதியிருந்தால், அந்த ஈ உங்களுக்காக எழுதப்பட்டது.

ராகம் சார்ந்த பாட்டில் இன்னொரு எச்சரிக்கை. மோகனத்தில் அமைந்த பாட்டு ஒரு கட்டையில் சி, டி, ஈ, ஜி, ஏ மட்டும்தான். அழகுக்கென்று ஈ-யிலிருந்து ஜி-க்குப் போகும் வழியில் எஃப்-ஐத் தொட்டால் ராகத்தில் இல்லாத மத்யமம் வந்து விழும். கேட்பவருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் உறுத்தல் தெரியும்.

உப்புக்காற்றும் இரண்டு மழையும்

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கம்பியைவிடப் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) திருகுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். சேடிலின் (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) சின்னத் திருகு ஒருமுறை இறுகிவிட்டால் ஆலன் கீயின் முனை வழுக்கி, பிறகு அசையவே அசையாது. மாதம் ஒரு தடவை திருகில் மட்டும் ஒரு பொட்டு மெல்லிய எண்ணெய் வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியின் மேலும் அடியிலும் பருத்தித் துணியால் துடைத்துப் பையில் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. கழுத்து மரம் அதற்கேற்ப வளைந்து நிமிரும். மழை தொடங்கியதும் முடிந்ததும் அளந்து பாருங்கள். ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழு எட்டாவது ஃபிரெட் பக்கம் 0.3 மி.மீ இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) கால் சுற்று இறுக்கலாம், இடைவெளியே இல்லாவிட்டால் தளர்த்தலாம். அதன்பின் ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் பாருங்கள். இறுகி நின்றால் பலம் காட்டாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். கம்பி உயரமாக இருக்கிறது என்று டிரஸ் ராடைத் திருகுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. உயரத்துக்குச் சேடில் இருக்கிறது: 12-வது ஃபிரெட்டில் ஜி கம்பிக்கு 2 மி.மீ, ஈ கம்பிக்கு இரண்டரை மி.மீ நல்ல தொடக்கம்.

பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸில் கேபிள் சொருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். பிராக்டிஸ் முடிந்ததும் உருவிவிடுங்கள்.

மேடையில்

பந்தலில் சுவர் இல்லை. ஆலயத்தில் முழங்கிய பேஸ் அங்கே காணாமல் போகும். உடனே லோவை ஏற்றாதீர்கள். 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் கூட்டினால்தான் நோட்டு தெளியும். ஆலயத்திலோ 200 ஹெர்ட்ஸ் பக்கம் குறைக்க வேண்டியிருக்கும். யாரையாவது பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லிக் கேளுங்கள். ஆம்ப் பக்கத்தில் நிற்கும் நீங்கள் கேட்பது சபை கேட்பது அல்ல. மிக்சருக்கு நேரடியாகக் கேபிள் போடாமல் டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாகப் போங்கள். பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸை நேரே சொருகினால் மேல் ஒலி மங்கிவிடும்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் எர்த் சரியில்லாவிட்டால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது ஷாக் அடிக்கும். உயிர்போகிற விஷயம் இது. இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் முறிக்காதீர்கள். இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. பாடுவதற்கு முன் மைக் வலையில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நேரமில்லை என்று சொன்னாலும் விடாதீர்கள்.

சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் காதடைப்பான் வாங்குங்கள். 85 டெசிபல் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம்.

டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் ஆராதனை, கல்யாண வரவேற்பு எல்லாம் ஒரே வாரத்தில் குவியும். இரண்டு குழுவுக்கு ஒரே தேதி சொல்லிவிட்டுக் கடைசி நாளில் கைவிரிப்பது உங்கள் பெயரைக் கெடுக்கும். வேனுக்கு யார் கொடுப்பது, சம்பளம் எப்படிப் பிரிப்பது என்பதை முதல் பிராக்டிஸிலேயே பேசிவிடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை, வேகம், யார் தொடங்குவது, முடிவு என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். பதிலுக்கு வேறொருவர் வாசிக்க வந்தாலும் அந்தத் தாள் அவரைக் காப்பாற்றும்.

அந்த நான்கில் பிராக்டிஸ் குறைவாகக் கிடைப்பது முடிவுக்குத்தான். பல்லவியைக் கடைசியில் எத்தனை தடவை பாடுவது என்பது மேடையில்தான் மாறும். பாடகர் கையைச் சுழற்றினால் இன்னொரு தடவை, மூடினால் முடிவு என்று ஒரு சைகையை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நோட்டை அடித்ததும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடாதீர்கள். சிம்பல் அடங்கும்வரை பிடித்திருங்கள். டிரம்மர் சிம்பலைக் கையால் பிடித்து அமர்த்தும் அதே கணத்தில் உங்கள் உள்ளங்கையும் நாலு கம்பிமேல் அமரட்டும்.