ஒரு மாவட்டத்துக்கு 30 ஊர், ஊருக்கு 7 குழந்தை: மாதிரி எடுக்கும் முறை

தர்மபுரி மாதிரி பரந்த மாவட்டத்தில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுசாகப் போட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமா? உலக சுகாதார நிறுவனம் 1970களிலிருந்து பரப்பிய 30 × 7 முறையைத்தான் நான் முதலில் சொல்லித் தருவேன். 12 முதல் 23 மாதக் குழந்தைகள் 210 பேர். மாவட்டம் முழுக்கக் குலுக்கி எடுக்க முடிந்தால் 96 பேரே போதும், விடை 10 சதவீதப் புள்ளி முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஒரே ஊர்க் குழந்தைகள் ஒரே செவிலியரிடம் ஊசி போட்டவர்கள், அவர்கள் நிலைமையும் ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குகிறோம்: 192. அதை 30 ஊருக்குப் பிரித்து, ஊருக்கு 7 என்று முழுதாக்கினால் 210.

ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலை ஒன்றிய வரிசையில் வைத்து, நகரங்களை வார்டு வார்டாகச் சேர்த்து, பக்கத்தில் மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். தர்மபுரிக்கு 2011இல் சுமார் 15 லட்சம் பேர். 30ஆல் வகுத்தால் 50,000. அதற்குள் குலுக்கலில் ஓர் எண், 17,362 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை அந்த எண்ணை எட்டும் ஊர் முதல் ஊர். அடுத்தது 67,362, அப்புறம் 1,17,362. பெரிய ஊருக்கு வாய்ப்பு அதிகம், அது சரிதான்.

ஊருக்குள் போன பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். முன்பு ஊர் நடுவில் பாட்டிலைச் சுழற்றி, அது காட்டிய திசையில் நடந்து வீடு பிடிப்பார்கள். அதில் நடு ஊர்தான் அதிகம் சிக்கும். அங்கன்வாடி அக்காவை உட்கார வைத்து வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் "இதுக்கு அப்புறம் வீடு இருக்காக்கா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று வரும்வரை விடாதீர்கள். சித்தேரி மலை போன்ற இடங்களில் ஒரே ஊராட்சியின் குக்கிராமங்கள் மலையெங்கும் சிதறிக் கிடக்கும். காலனியும் கடைசிக் கொட்டாயும் படத்தில் இல்லையென்றால் அந்தக் குழந்தைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஊர் பெரிதென்றால் பகுதிகளாகப் பிரித்து ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுங்கள். அங்கே நிலைப்படியில் சாக்பீஸால் எண் போட்டு, அந்த வயதுக் குழந்தை உள்ள வீடுகளை எழுதி, அதில் 7 குழந்தைகளைக் குலுக்கி எடுங்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்கவே கூடாது. செங்கல் சூளைக்குப் போன அம்மாவின் குழந்தைக்குத்தான் ஊசி தவறியிருக்க வாய்ப்பு அதிகம். சாயங்காலம் போங்கள், மறுநாளும் போங்கள்.

கிடைக்கும் சதவீதம் மாவட்டத்துக்கு மட்டும். ஒன்றியவாரியாகச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்கு ஒன்றியத்துக்கு ஒன்றியம் தனி மாதிரி வேண்டும்.