6174: கணக்கு எங்கே தவறுகிறது?

மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். கப்ரேக்கர் 1949-இல் கண்டது இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடைக்கும் அதையே செய்யணும். 7 முறைக்குள் 6174 வந்துவிடும். அதன்பின் நகராது: 7641 − 1467 = 6174. 1111 போல நான்கும் ஒரே இலக்கமானால் முதல் கழித்தலிலேயே 0. இதுவரை யாரும் தப்பு செய்வதில்லை.

முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விடுவது

புதிதாக நிரல் எழுதிப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழி இதுதான். "2111 போட்டேன், 0 வருகிறது, கப்ரேக்கர் சொன்னது பொய்" என்று வந்து நிற்பார்கள். இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வரும். பிழை அவரிடம் இல்லை.

2111 − 1112 = 0999. இதை 999 என்று எழுதினால் 999 − 999 = 0, கதை முடிந்தது. பூஜ்யத்தை விடாமல் வைத்தால்:

9990 − 0999 = 8991
9981 − 1899 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

1000 முதல் 9999 வரை ஓட்டி, 77 எண்கள் 0-க்குப் போகின்றன என்று பட்டியல் போடுவார்கள். அதில் உண்மையானவை 9 மட்டுமே (1111, 2222… 9999). மீதி 68-ம் இந்தப் பூஜ்யத்தைத் தொலைத்ததால் வந்தவை. பெரிய இலக்கத்துக்கும் சிறியதற்கும் வித்தியாசம் 1, வரிசையாக அடுக்கிய பின் நடு இரண்டும் சமம் என்றால்தான் விடை 0999 ஆகும். 2111, 7877, 1000 எல்லாம் அந்த வகை. வேறு எப்படியும் மூன்று இலக்க விடை வராது. அதனால்தான் நூறு எண்களைச் சோதித்தும் இந்தப் பிழை கண்ணில் படாமல் போகிறது.

பைதானில் விடையைச் சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றும்போதே இடப்பக்கம் 0 நிரப்பி நான்கு இடமாக்குங்கள். எக்செல்லில் செல்லின் வடிவத்தை 0000 என்று வைத்தால் போதாது. அது பார்வைக்கு மட்டும்தான், உள்ளே இருப்பது 999-தான். டெக்ஸ்ட் ஃபங்ஷன் மூலம் 0000 வடிவில் சரமாக்கிய பிறகே இலக்கங்களைப் பிரிக்க வேண்டும்.

கையால் போடும்போது சரிபார்க்காமல் போவது

ஒவ்வொரு விடையும் 9-ஆல் வகுபடும். ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் 9-ஆல் வகுக்கும்போது மீதி மாறாது, கழித்தால் அந்த மீதி அடிபட்டுவிடும். இலக்கங்களைக் கூட்டினால் 18 அல்லது 27 வரணும். வரவில்லையென்றால் அந்த வரியிலேயே நின்று கடன் வாங்கியதைப் பாருங்கள்.

மூன்று நான்கு படியில் கைவிடுவது

1004-க்கு ஏழு படியும் வேண்டும்: 4086, 8172, 7443, 3996, 6264, 4176, 6174.

எல்லா நீளத்துக்கும் ஒரு மாறிலி உண்டு என்று நினைப்பது

இல்லை. மூன்று இலக்கத்துக்கு 495 உண்டு. இரண்டு இலக்கம் 09, 81, 63, 27, 45 என்று சுற்றும். ஐந்து இலக்கத்திலும் நிற்கும் எண் கிடையாது. 53955-இல் தொடங்கினால் 59994, அடுத்து மறுபடி 53955.

6174-ஐக் கப்ரேக்கர் எண் என்பது

அது வேறு. 45² = 2025, 20 + 25 = 45. அப்படி அமைவதே கப்ரேக்கர் எண். 6174² = 38118276, 3811 + 8276 = 12087. பொருந்தவில்லை. 6174 கப்ரேக்கர் மாறிலி. தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு அவரே வைத்த பெயர் ஹர்ஷத் எண்கள். அவற்றில் இது சேரும்: இலக்கக் கூட்டுத்தொகை 18, 6174 ÷ 18 = 343.