ஹார்ட்விக் ஹாலை வாசலில் நின்று பார்ப்பது எப்படி

டிக்கெட் வாங்கியதும் நேராகக் கதவைப் பார்த்துப் போய்விடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். கட்டிலையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு வந்தேன், வீட்டைப் பார்க்கவில்லை. இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் முன் முற்றத்திலேயே அரை மணி நேரம் நிறுத்திவிடுகிறேன்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் குன்றின்மேல் இருக்கும் இந்த வீடு 1590களில் எழுந்தது. கட்டியவர் எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. ஊர் வழக்கில் பெஸ். வடிவமைத்தது ராபர்ட் ஸ்மித்ஸன் என்பார்கள்.

மதியத்துக்கு மேல் போங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது. வெயில் சாயும்போது கண்ணாடி முழுக்கத் தகதகக்கும். கண்ணாடிக்குக் கொள்ளை விலை இருந்த காலம் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கையை நீட்டி, கட்டைவிரலால் ஒவ்வொரு மாடியின் ஜன்னலையும் அளந்து பாருங்கள். கீழே குட்டை, நடுவில் அதைவிட உயரம், உச்சியில்தான் ஆக உயரம். காரணம், தரைத்தளம் வேலைக்காரர்களுக்கு, நடுமாடி குடும்பத்துக்கு, பெரிய மனிதர்களை வரவேற்கும் அறைகள் மொட்டைமாடிக்கு ஒரு படி கீழே. விருந்தாளியை இத்தனை படி ஏற்றியே அசரவைத்திருக்கிறார் பெஸ்!

அடுத்து, இவ்வளவு ஜன்னல் வைத்தால், குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்புகளுக்குச் சுவர் ஏது? பெரும்பாலானவற்றை வீட்டின் நடுவே ஓடும் கனமான சுவருக்குள் தள்ளிவிட்டார்கள். அப்படியும் சில ஜன்னல்கள் பொய். வெளியே கண்ணாடி, பின்னால் புகைபோக்கி. முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாதாம். எங்கள் வீட்டு மேஸ்திரி கேட்டால் சிரிப்பார்.

அப்புறம் தலையை நிமிர்த்தி ஆறு கோபுரங்களின் உச்சியைப் பாருங்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து, கல்லில் ஈ, எஸ் என்று தன் பெயரின் முதலெழுத்துகளை நிறுத்தியிருக்கிறார், மேலே கிரீடத்தோடு.

உள்ளே போனால் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். பழைய வீடுகளில் பெரிய கூடம் முகப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நீளும், ஒரு மூலை வழியாக நுழைவோம். இங்கே கூடம் வாசலுக்கு நேராக, முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. இங்கிலாந்துக்கு அது புதுசு. உச்சி மாடியில் கிழக்குப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நீள்கிற இன்னொரு கூடத்தில் அரையிருட்டாக இருந்தால் குழம்பவேண்டாம். துணிச்சித்திரங்கள் வெளுக்காமலிருக்கத் திரையை இறக்கிவைப்பார்கள்.

திரும்பும்போது பக்கத்தில் கூரையில்லாமல் நிற்கும் பழைய ஹாலையும் பாருங்கள். அதுவும் பெஸ் கட்டியதுதான். அது முடிவதற்குள்ளேயே இதற்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார். அங்கே ஜன்னல்கள் கண்டபடி இருக்கும்.