முகாமில் மணல் தட்டு: யுங் வழி உளநலப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரிடருக்கோ போருக்கோ பிந்தைய உளநலப் பணியில் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் சிந்தனை பயன்படும் ஓர் இடம் மணல் தட்டு: மணல் நிரப்பிய தட்டில் குழந்தை சிறு பொம்மைகளை வைத்துத் தன் விருப்பப்படி ஒரு காட்சியை அமைக்கும். லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் உருவாக்கிய முறையை, யுங் தந்த ஊக்கத்தோடு சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப் வளர்த்தெடுத்ததுதான் மணல்விளையாட்டுச் சிகிச்சை. 2008 சிச்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு சீனப் பள்ளிக் குழந்தைகளிடம் யுங் வழி உளவியலாளர்கள் இதைக் கொண்டுசென்றார்கள். பார்க்க எளிமையாக இருப்பதால் பயிற்சி பெறாதவர்களும் தொடங்கிவிடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

மிகப் பெரிய தவறு, குழந்தை அமைத்த காட்சிக்கு அர்த்தம் சொல்வது. ஒரு சிறுமி பொம்மை வீட்டை மணலில் புதைக்கிறாள், தோண்டி எடுக்கிறாள், மறுபடி புதைக்கிறாள். "இது உங்க வீடா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டதும் அவள் கை நின்றுவிடுகிறது. பெரியவர் எதிர்பார்க்கும் பதிலை யோசிக்கத் தொடங்கிவிடுகிறாள். பாம்பு என்றால் இது, பாலம் என்றால் அது என்று தொன்மப் படிமங்களை (மனித மனங்களுக்குப் பொதுவானவை என்று யுங் கருதிய ஆதி உருவங்களை) அகராதிபோல் வைத்துக்கொண்டு உட்காருவதும் இதே பிழைதான். உளவளத் துணையாளரின் வேலை அருகில் அமர்ந்து கவனம் சிதறாமல் பார்ப்பது. குழந்தை தானாகப் பேசினால் காதுகொடுத்துக் கேட்கலாம். கேள்வி கேட்கக் கூடாது. பாராட்டும் வேண்டாம். "அழகா இருக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அழகான காட்சிதான் வரும்.

தட்டின் அளவிலும் அலட்சியம் கூடாது. கால்ஃப் பயன்படுத்தியது சுமார் 72 செ.மீ. நீளம், 57 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம். தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் முழுதும் தெரிய வேண்டும் என்பதே காரணம். பாதியளவு நிரப்பவே 20 கிலோவுக்கு மேல் மணல் பிடிக்கும், ஆட்டம் காணும் மேசை தாங்காது. உட்புறம் நீல வண்ணம் அவசியம்: மணலை விலக்கினால் நீர் தெரிய வேண்டும். கட்டுமான மணலை அப்படியே கொட்டாமல் சலித்து, கழுவி, வெயிலில் காயவையுங்கள். ஈர மணலுக்குத் தனித் தட்டு வையுங்கள்.

பொம்மைகளை இறக்குமதிப் பெட்டியோடு வாங்குவது இன்னொரு தவறு. கோட்டையும் இளவரசியும் இருக்கும்; அந்த ஊரின் படகு, அடுப்பு, வழிபாட்டிடம் இருக்காது. அவற்றைக் களிமண்ணிலோ மரத்திலோ உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். பயமுறுத்தும் என்று நினைத்துத் துப்பாக்கி, சிப்பாய், சவப்பெட்டி ஆகியவற்றை எடுத்துவிடாதீர்கள். யுங் 'நிழல்' என்று சொன்ன, மனம் ஏற்க மறுத்து ஒதுக்கிவைக்கும் பகுதி வெளிப்பட இடம் வேண்டும்.

குழந்தை அறையில் இருக்கும்போதே காட்சியைக் கலைக்கக் கூடாது, பொம்மைகளை அடுக்கி வைக்கக் குழந்தையிடம் சொல்லவும் கூடாது. குழந்தை போன பிறகு படம் எடுத்துவிட்டுக் காட்சியைக் கலையுங்கள். அந்தப் படம் பணிக்குறிப்பு. நன்கொடையாளர் அறிக்கைக்கோ சமூக ஊடகத்துக்கோ போகக் கூடாது.

தப்பிப் பிழைத்த எல்லோரையும் 'அதிர்ச்சி நோயாளி' என்று முத்திரை குத்துவதும் தவறு. அகதிகளோடு நெடுங்காலம் பணியாற்றிய யுங் வழி உளவியலாளர் ரெனோஸ் பாப்படோபுலஸ் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்: காயம், குலையாமல் நின்ற வலிமை, துன்பத்தினூடே புதிதாக வளர்ந்தது. அவசரகால உளசமூக ஆதரவுக்கான 2007 சர்வதேச வழிகாட்டியும் பாதுகாப்பு, உணவு, தங்குமிடம் ஆகியவற்றை அடித்தளத்தில் வைக்கிறது. இரவில் எங்கே தூங்குவோம் என்று தெரியாத பிள்ளையை முதலில் மணல் தட்டின் முன் உட்கார வைக்காதீர்கள். தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்துதல், வலிப்பு, இல்லாத குரல் கேட்பது ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். துன்புறுத்தல் நடப்பதாகத் தெரிந்தால் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

மூன்று வாரத்தில் கிளம்பிவிடும் குழு இதைத் தொடங்கவே கூடாது. வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே துணையாளர் என்று ஏறத்தாழ மூன்று மாதம் தேவை. எச்சரிக்கையே இல்லாமல் உறவுகளை இழந்த பிள்ளைகள் இவர்கள்; ஆகவே முடிவைக் குறைந்தது மூன்று அமர்வுகளுக்கு முன்பே சொல்லுங்கள். அதற்குப் பிறகு பள்ளியில் யாரை, எந்தக் கிழமை பார்க்கலாம் என்பதையும் அந்தக் குழந்தையிடமே சொல்லிவிடுங்கள்.