பழைய மொரிஸ் மைனருக்கு எந்த ஆல்டர்னேட்டர்?

நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறும்போது பகலிலேயே மூடுபனி. லைட், வைப்பர் இரண்டும் ஓட, என்ஜின் மெதுவாகச் சுற்றும். என்ஜினோடு சுழன்று மின் தரும் பழைய 22 அம்பியர் டைனமோவால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, பற்றரிதான் கரையும்.

டைனமோவுக்குப் பதிலாக, மெதுவாகச் சுற்றும்போதும் கூடுதல் மின் தரும் ஆல்டர்னேட்டரைப் பூட்டுவதென்றால் லூகாஸ் 16 ஏசிஆர் (34 அம்பியர்) அல்லது 17 ஏசிஆர் (36 அம்பியர்) போதும். 60/55 வாட் ஹாலஜன் லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பதே சுமார் 9 அம்பியர்தான். 70 அம்பியர் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆசைப்படாதீர்கள், பழைய வயர் சூடாகும்.

முதலில் பற்றரியின் எந்த முனை காரின் இரும்பு உடலில் (பொடி) இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய கார்களில் பெரும்பாலும் பொசிட்டிவ். அப்படியே ஆல்டர்னேட்டரைப் பூட்டினால் உள்ளேயுள்ள டயோட்கள் அந்த நொடியே போய்விடும். நெகட்டிவுக்கு மாற்றி, இக்னிஷன் கொயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்றுங்கள். அம்மீட்டர் இருந்தால் அதற்கும் அப்படியே.

டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி இனி வேண்டாம். அதன் ‘ஏ’, ‘ஏ1’ வயர்களை ஒன்றாக இணைத்து, ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சொலினொயிட்டின் (ஸ்டார்ட்டருக்கு மின் விடும் சுவிட்ச்) பற்றரி முனைக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர் இழுங்கள். சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடுமுன், டாஷ்போர்டிலுள்ள 2.2 வாட் சிவப்பு பல்ப் எரிய வேண்டும். அது போயிருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காமலே இருக்கலாம். பலர் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி வீசுவது இதனால்தான்.

வாங்கும்போது பெல்ட் ஓடும் கப்பியின் வரியும் என்ஜினில் பூட்டும் தாங்கியின் பக்கமும் பொருந்துகிறதா என்று பழையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்டியபின் என்ஜின் சற்று வேகமாக ஓடுகையில் பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும்.