தில்லி வெயிலில் கூலரோடு குடித்தனம் நடத்துவது எப்படி?

நான் முனிர்காவில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன், தலைக்கு மேலே மொட்டை மாடிதான். வெயில் எனக்கு ஆகவே ஆகாது. மதுரைக்காரனுக்குத் தெரியாத வெயிலா என்று ஊரில் சிரிப்பார்கள், ஆனால் மே மாதம் இங்கே லூ என்கிற வறண்ட அனல்காற்று அடிக்கும்போது வியர்வை தோலில் நிற்பதற்குள் காய்ந்துவிடும், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்றே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் உப்புப் போட்ட மோர் குடித்துக்கொண்டே இருங்கள்.

ஏசிக்கு வழியில்லை என்றால் கூலர். வெளியே இருக்கும் வறண்ட காற்று, கூலர் பெட்டியின் பக்கங்களில் அடைத்திருக்கும் ஈரப் புல்லுக்குள் புகுந்து வரும்போது தண்ணீர் ஆவியாகும், அதில் காற்றின் சூடு இறங்கும், அவ்வளவுதான். அதனால் பெட்டி ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் ஏசி மாதிரி எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டு, அறை புழுங்கியதும் கூலரைத் திட்டுவார்கள் (முதல் வருடம் நானும் அப்படித்தான்). சீசன் தொடக்கத்தில் புல்லை மாற்றிவிடுங்கள். கையில் காசு இருந்தால் கஸ் போடுங்கள், வேறொன்றும் இல்லை, நம்ம வெட்டிவேர்தான், அறையே மணக்கும். வாரம் ஒருமுறை தண்ணீரை முழுக்க இறக்கி, தேய்த்துக் காயவிடுவது கட்டாயம். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

மாடித் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் கொதிக்கும், குளிக்க விடிகாலையிலேயே இரண்டு வாளி பிடித்து வையுங்கள்.

ஜூன் கடைசியில் மழை வந்தால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். காற்றே ஈரமாக இருக்கும்போது கூலர் குளிர்விக்காது, பிசுபிசுப்பைத்தான் கூட்டும். பம்பை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள்.

அப்புறம் வெயில் காலம் முடிய நாள் எண்ணுவது. ஜூன் 21க்குப் பிறகு பகல் குறையும், ஆனால் முதல் பத்து நாளில் இரண்டு நிமிடம்கூடக் குறையாது, பொறுமை வேண்டும். செப்டம்பரில்தான் தினமும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கழியும். மதுரையில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அஸ்தமனத்தில் ஒரு மணி நேர வித்தியாசம்கூட வராது. இங்கே ஜூன் கடைசியில் 7.20 தாண்டி மறைகிற சூரியன் நவம்பர் கடைசியில் 5.30க்குள் போய்விடும். ஞாயிறுதோறும் எத்தனை மணிக்கு லைட் போட்டேன் என்று காலண்டரில் எழுதுகிறேன், பைத்தியம் என்கிறார் வீட்டுக்காரம்மா.

அக்டோபர் கடைசியில் புல்லைப் பிடுங்கிப் போட்டு, பம்பைக் கழற்றித் துடைத்து, கூலரைப் பழைய போர்வையால் மூடுவேன். கிட்டத்தட்ட அதே வாரம் புகையும் வந்து சேரும், போன வருட மாஸ்க்கை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்.